நல்ல இடம் வரும்வரை

தம்பி வீட்டைவிட்டுப் போனது என்னால்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் சுற்றி வளைத்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

அவன் அலமாரியில் இஸ்திரி போட்டு வந்த சட்டைகளை அடுக்கும்போது, அடியில் கறுப்பு ரெக்சின் அட்டை போட்ட தமிழ் பைபிள் ஒன்று கையில் தட்டுப்பட்டது. எடுத்த இடத்திலேயே வைத்திருக்கலாம். அவன் வந்ததும் தனியாகக் கூப்பிட்டு, என்னடா இது என்று கேட்டிருக்கலாம். பொறுமை என்கிற சமாச்சாரம் எனக்குப் பிறவியிலேயே கிடையாது. மறுநாள் காலை அப்பா இட்லியைப் பிட்டு வாயில் வைக்கிற நேரத்தில், அவன் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, "உங்க பையன் சட்டைக்கு அடியில என்ன ஒளிச்சு வெச்சிருக்கான்னு கேளுங்க" என்று போட்டு உடைத்தேன். அப்பாவுக்கு ஒரு காது மந்தம், இன்னொரு காது அதைவிட மந்தம். அதனால் இரண்டாவது முறை கத்திச் சொன்னேன். முதல் முறையோடு விட்டிருந்தால்கூடத் தப்பித்திருப்போம். அதுவும் செய்யவில்லை.

இது தொண்ணூற்று நான்கில். எங்கள் வீடு ஆஸ்டின் டவுனில். அப்பா மாநில அரசு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு முப்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை, ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் டைப்பிஸ்ட். தம்பிக்கு இருபத்தேழு. ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டினான். தினமும் காலை சிவாஜிநகர் போய் பஸ் மாற வேண்டும்.

அப்பா அடிக்கிற ஆள் இல்லை. கத்தவும் இல்லை. ஆபீசில் ஃபைலைத் திருப்பி அனுப்புகிற குரலில், "பூஜை ரூம் இருக்கிற வீட்டுல இது வேணாம். ஒண்ணு அது போகணும், இல்ல நீ போகணும்" என்றார். ஏதோ பெண் விஷயம் என்று அவரே முடிவும் கட்டிவிட்டார். அது பாதி உண்மை என்று பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் காலை தம்பி ஒரு ரெக்சின் பையோடு கிளம்பினான். என்னோடு சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன், பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவன் பைபிளை என் கையில் வைத்து, "நீயே வெச்சுக்கோக்கா. படிச்சுப் பாரு" என்றான். அவ்வளவுதான். உள்ளேயிருந்து ஒரு சிட்டி பஸ் டிக்கெட் நீட்டிக்கொண்டிருந்தது. அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டாமல் போனதுதான் என்னைப் பிடித்து ஆட்டியது.

ஒரு வாரம் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. டைப் அடிக்க உட்கார்ந்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவேன். குடித்துவிட்டு வந்தால் மறுபடி தாகமாக இருக்கும். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் ஒரு நாள், தம்பியை நீலசந்திராவில் பார்த்ததாகவும், மாவு மில்லுக்கு மேலே மாடியில் ரூம் எடுத்திருப்பதாகவும் சொன்னார். எங்கள் வீட்டிலிருந்து அது இருபது நிமிஷ நடை. வேகமாக நடந்தால் பதினைந்து. நான் வேகமாக நடக்கிறவள்.

போகவில்லை. என்ன முகத்தை வைத்துக்கொண்டு போவது? போய் என்ன சொல்வது? தப்பு செய்துவிட்டேன் என்று சொல்லத் தெரிந்தவளாக இருந்தால் அன்றைக்கு இட்லித் தட்டுக்கு முன்னால் அதைச் செய்திருக்கவே மாட்டேனே. அப்போதுதான் ஒரு யோசனை வந்தது, பெரிய புத்திசாலித்தனமான யோசனை. அவன் கொடுத்த புத்தகத்தை முழுசாகப் படித்து முடித்துவிட்டுப் போவது. "பாருடா, உன் பைபிளை அட்டை டு அட்டை படிச்சாச்சு" என்று வாசலில் நின்று சொன்னால் அவன் மனசு இளகாதா? மன்னிப்பு கேட்காமலேயே மன்னிப்பு கிடைத்துவிடும்.

எங்கள் வீட்டில் சாமி புத்தகம் படிப்பது என்றால் பாராயணம்தான். வேறு முறை எனக்குத் தெரியாது. அம்மா புராணம் வாசிப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். குளித்துவிட்டு, விளக்கேற்றி, கிழக்கே பார்த்து உட்கார்ந்து, மரப்பலகையில் புத்தகத்தை வைத்து, பக்கத்தில் ஒரு தட்டில் நாலு கற்கண்டு. வாய்விட்டுத்தான் வாசிக்க வேண்டும். முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். வாசிக்கிறவரை யாரும் நடுவில் கூப்பிடக் கூடாது. முக்கியமான விதி, கெட்ட இடத்தில் நிறுத்தக் கூடாது. யாராவது காட்டுக்குப் போகிற இடத்திலோ, சாகிற இடத்திலோ புத்தகத்தை மூடினால் அந்தக் கஷ்டம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும் என்பார் அம்மா. கல்யாணமோ குழந்தை பிறப்பதோ ஊர் திரும்புவதோ, ஏதாவது ஒரு நல்லது நடக்கிற வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் மூடுவார்.

கூப்பிடக் கூடாது என்றால் கூப்பிடவே கூடாது. தம்பி ஏழு வயதில் கோலிக் குண்டு விளையாடப் போய், விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டு வந்தான். அம்மா வாசித்துக்கொண்டிருந்தார். அவன் வாசற்படியில் உட்கார்ந்து, சட்டையின் கீழ்ப்பக்கத்தால் ரத்தத்தை அமுக்கிக்கொண்டு, அம்மா புத்தகத்தை மூடும்வரை ஒரு சத்தம் போடவில்லை. அம்மா வந்து பார்த்துவிட்டு ஓவென்று அழுதார். அவனுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் முழங்காலைக் காட்டினான்.

ஆக, பைபிளை அம்மாவின் மஞ்சள் துணியில் சுற்றிப் பலகையில் வைத்தேன். அப்பா உள்ளறையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அவர் காதுக்கு நான் எதை வாசித்தாலும் ஒன்றுதான். துணியைப் பார்த்து அம்மாவுடைய புத்தகம் என்று நினைத்துக்கொள்வார் என்பது என் கணக்கு. எங்கள் வீட்டு முன்னறையில் கிழக்கே பார்த்து உட்கார்ந்தால் தெருவுக்கும் ஜன்னலுக்கும் முதுகு காட்ட வேண்டும். அப்படித்தான் உட்கார்ந்தேன். தம்பியின் பஸ் டிக்கெட்டை உருவி முதல் பக்கத்தில் செருகினேன். ஆதியாகமம், முதல் அதிகாரம்.

ஆபீசில் என் பக்கத்து மேஜையில் ஒரு அக்கா இருந்தார். சிவாஜிநகரில் பிறந்து வளர்ந்த கிறிஸ்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். டிபன் பாக்ஸ் திறக்கிற நேரத்தில் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். தம்பி போனது, நான் படிக்கத் தொடங்கியது எல்லாம். அவர் சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"மொத பக்கத்துல இருந்தா? ஏம்மா, லேவியராகமத்துல மாட்டிக்கிட்டு பேஜாரு ஆயிடுவே. புதுசா படிக்கிறவங்க யாரும் அங்க ஆரம்பிக்க மாட்டாங்க. மத்தேயுல ஆரம்பி."

நடுவில் தொடங்குகிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை என்றேன். அது நடுவில்லை, புதிய ஏற்பாட்டின் முதல் புத்தகம் என்றார். என் கையில் இருக்கிற புத்தகத்தில் அது முக்கால்வாசிக்கு அப்புறம்தான் வருகிறது என்றேன். முழுசாக முடித்துவிட்டுத் தம்பியைப் பார்க்கப் போவேன் என்றும் சொன்னேன். "முடிச்சுட்டா? அதுக்குள்ள அவனுக்குப் பேரப்பிள்ளை பொறந்துடும்" என்று சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. ஊறுகாயைக்கூடப் பகிர்ந்துகொள்ளாமல் டிபன் பாக்ஸை மூடினேன்.

தொடக்கம் சுகமாகத்தான் போயிற்று. உலகம் உண்டாகிறது, ஒவ்வொரு நாள் முடிவிலும் எல்லாம் நன்றாக இருக்கிறது. இப்படியே போனால் முப்பது நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்றாவது அதிகாரத்திலேயே தோட்டத்திலிருந்து விரட்டிவிட்டார்கள். அங்கே நிறுத்த முடியாது. நாலாவதில் அண்ணன் தம்பியைக் கொன்றுவிட்டான். அங்கேயும் முடியாது. ஆபீஸ் பஸ்ஸை விட்டேன். அன்றைக்கு நான் நிறுத்தியது இன்னும் ஐந்து அதிகாரம் தள்ளி, வெள்ளம் வடிந்து வானவில் வந்த பிறகு.

ஒன்றைக் கவனித்தேன். புத்தகத்தின் பக்க ஓரங்களில் சிவப்புச் சாயம் பூசியிருந்தது. புதுப் புத்தகங்களில் அந்தச் சாயத்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும். நான் ஒவ்வொரு பக்கமாக நகத்தால் பிரித்துக்கொண்டு போனேன். அப்படியென்றால் தம்பி இந்தப் பக்கம் வந்ததே இல்லை. அவன் படிக்காததை நான் எதற்குப் படிக்கிறேன் என்று ஒரு கணம் எரிச்சலாக இருந்தது. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே.

மூன்று வாரம் கழித்து ஆதியாகமத்தில் யோசேப்பு வந்தான். அந்தக் காலை நன்றாக நினைவிருக்கிறது. ஆறரைக்கு உட்கார்ந்தேன், ஒரு அதிகாரம் வாசித்துவிட்டு எழுந்துவிடலாம் என்று. யோசேப்பு அண்ணன்மார்களைப் பற்றி அப்பாவிடம் கோள் சொல்கிறவன். அதைப் படித்ததும் எனக்கு முகம் சுட்டது. ஆனால் அங்கே கோள் சொன்னவனைத்தான் குழியில் போட்டார்கள். எங்கள் வீட்டில் கோள் சொன்னவள் விளக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள், குழியில் விழுந்தவன் வேறு ஆள். குழியில் கிடக்கிறவனை அப்படியே விட்டுவிட்டு எப்படிப் புத்தகத்தை மூடுவது? மேலே வாசித்தேன். தூக்கினார்கள், விற்றார்கள். அடிமையானான். நல்ல வேலை கிடைத்தது என்று நிறுத்தப் போனால் ஜெயிலில் போட்டார்கள். ஜெயிலில் கூட இருந்தவனுக்கு உதவி செய்தான், அவனாவது வெளியே போய்ச் சொல்லுவான் என்று பார்த்தால் அவன் மறந்தே போனான்.  காபி ஆறிவிட்டது. அப்பா உள்ளேயிருந்து இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கடைசியில் அண்ணன்மார்கள் எதிரே நிற்க, நான்தான் உங்கள் தம்பி என்று அவன் சொல்லி, கூடப் பிறந்த கடைக்குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற இடம் வந்தபோது, நானும் சத்தமாக அழுதுகொண்டே வாசித்தேன். அம்மா செத்ததற்குப் பிறகு அவ்வளவு அழுததில்லை. நல்ல இடம், பரம திருப்தி. புத்தகத்தை மூடி, ஒரு கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு ஆபீசுக்கு ஓடினேன். அரை நாள் லீவு வெட்டினார்கள். பரவாயில்லை என்றிருந்தது.

அன்று சாயங்காலமே நீலசந்திரா போயிருக்க வேண்டும். கால் பரபரத்தது. ஆனால் பைபிளுக்குள் இருக்கிற அறுபத்தாறு புத்தகங்களில் ஒன்றுகூட முழுசாக முடியவில்லையே, இன்னும் அறுபத்தைந்து பாக்கி இருக்கிறதே என்று வீட்டுக்கே வந்தேன்.

லேவியராகமத்தைப் பற்றி அக்கா சொன்னது சரிதான். எந்த மிருகத்தின் எந்தக் கொழுப்பை எங்கே எரிப்பது என்று பக்கம் பக்கமாகப் போனது. ஆனால் நான் மாட்டிக்கொள்ளவில்லை. எனக்கு அது பழகிய வீடு மாதிரி இருந்தது. தீட்டு, குளியல், எது தொடலாம் எது தொடக் கூடாது, எத்தனை நாள் தள்ளி இருக்க வேண்டும், எல்லாம் அம்மா சொல்கிற மாதிரியே. மாதத்தில் மூன்று நாள் நானும் புத்தகத்தைத் தொடவில்லை. அக்காவிடம் சொன்னபோது, "எங்களுக்கே அது புரியாது, உனக்குப் புரியுதா?" என்று வாயைப் பிளந்தார்.

என்னைக் கவிழ்த்தது நியாயாதிபதிகள் புத்தகம். அதில் நிறுத்த ஒரு நல்ல இடம் கிடையாது. ஒரு தலைவர் வருவார், கொஞ்ச நாள் நிம்மதி, அடுத்த வரியிலேயே எல்லோரும் பழையபடி. கடைசி அதிகாரங்களைப் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன். ஓடிப் போய் அடுத்த புத்தகத்தில் ஒரு மருமகள் மாமியாரைவிட்டுப் போக மாட்டேன் என்று நிற்கிற இடத்தில்தான் மூச்சு விட்டேன். யோபு புத்தகத்துக்கு ஒரு நாள் கேஷுவல் லீவே போட்டேன். முதல் இரண்டு அதிகாரத்தில் அந்த மனுஷனுக்கு எல்லாம் போய்விடுகிறது. அப்புறம் நாற்பது அதிகாரம் பேச்சு. நண்பர்கள் என்று வந்தவர்கள் பேசுகிற பேச்சுக்கு, அவனுடைய கொப்புளங்களே தேவலை. மத்தியானம் இரண்டு மணிக்கு அவனுக்கு எல்லாம் திரும்பக் கிடைத்த பிறகு சோறு வைத்தேன். அப்பா பசியோடு உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா என்னைத் தன் வீட்டுக்கு ஒரு புதன்கிழமை வேதப்பாடத்துக்கு அழைத்துப்போனார். எட்டுப் பத்துப் பேர் பாயில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு வசனம் வாசித்து, அதற்கு என்ன அர்த்தம் என்று பேசினார்கள். நோட்டில் எழுதினார்கள். நம்பர் சொன்னால் எல்லோரும் விரலை வைத்துப் பட்டென்று திருப்புகிறார்கள். எனக்குப் பிரமிப்பாக இருந்தது. அன்றைய பகுதியில் ஒருவனைக் கல்லெறிந்து கொல்கிறார்கள். அந்த இடத்தில், பாடம் நடத்தியவர், "இன்னிக்கு இதோட நிறுத்துவோம், அடுத்த வாரம் பாக்கலாம்" என்று டக்கென்று மூடிவிட்டார். "இங்கயா நிறுத்துவீங்க?" என்று நான் கேட்டது எல்லோர் காதிலும் விழுந்தது. "ஒருத்தன் செத்துக் கெடக்கிறான், அடுத்த வாரம் வரைக்கும் அவனை அப்படியே விட்டுடுவீங்களா?" என்றேன். சிரித்தார்கள், பிரியமாகத்தான். அவர் என்னிடம், கெட்ட இடத்தில் மூடினால் ஒன்றும் ஆகிவிடாது, மீதி நேரம் நாம் அதை நினைத்துக்கொண்டு இருப்போம், அது நல்லதுதானே என்றார். எனக்கு ஒப்பவில்லை. பஸ்ஸில் வரும்போதும் அந்தக் கல்லடிபட்டவன் ஞாபகம்தான்.

இப்படியே ஒரு வருஷம் ஒன்பது மாதம். இடையில் இஸ்திரி வண்டிக்காரர் ஒரு முறை, தம்பிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாம் என்றார்.  என்னிடம் சொல்லாமல் கல்யாணமா? ஒரு பத்திரிகை இல்லை, ஒரு வார்த்தை இல்லை. கூடப் பிறந்த ஒரே அக்கா. தாலி கட்டும்போது நாத்தனார் முடிச்சு போட வேண்டியவள் நான். நம் வழக்கத்தில் மாப்பிள்ளை முதல் முடிச்சு போட்டால், மீதி முடிச்சு அவன் சகோதரி போட வேண்டும். அந்த முடிச்சை யார் போட்டார்கள்? கோபத்தில் ஒரு வாரம் புத்தகத்தைத் தொடவில்லை. அப்புறம் தொடங்கினேன். இப்போது மன்னிப்புக்காக இல்லை, முடித்துக் காட்டுகிறேன் பார் என்று வீம்புக்கு.

தொண்ணூற்றாறு ஜூனில் பழைய ஏற்பாட்டின் கடைசிப் புத்தகமான மல்கியா முடிந்தது. பக்கத்தைத் திருப்பினேன், மத்தேயு. மறுபடியும் இன்னார் இன்னாரைப் பெற்றார் என்று ஒரு பெரிய பட்டியல், பெருமூச்சு விட்டேன். ஆனால் ஒரு வித்தியாசம். பக்கங்கள் ஒட்டியிருக்கவில்லை. தானாகத் திறந்தன. ஓரங்களில் சிவப்பு மங்கி, விரல் பட்ட அழுக்கு. இங்கேதான் தம்பி வந்திருக்கிறான். ஒன்றே முக்கால் வருஷம் நான் தனியாக நடந்து, இப்போதுதான் அவன் தெருவுக்கு வந்து சேர்ந்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் ஐந்தாவது அதிகாரம். திருப்பியதும் கண்ணில் பட்டது, பக்கத்தின் நடுவில் மங்கலான ரோஸ் நிறத்தில் ஒரு நீளக் கட்டம். டிக்கெட் அளவு. மழையில் நனைந்த டிக்கெட்டை அப்படியே வைத்திருப்பான், சாயம் அந்த மெல்லிசுத் தாளில் இறங்கியிருந்தது. அதை ஒட்டி ஒரு பென்சில் கோடு. மொத்தப் புத்தகத்திலும் நான் பார்த்த முதல் கோடு.

காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்திருக்கிறாய். அங்கே நிற்கும்போது, உன் சகோதரனுக்கு உன்மேல் ஒரு மனக்குறை இருக்கிறது என்று ஞாபகம் வருகிறது. காணிக்கையை அங்கேயே வைத்துவிடு. முதலில் போய் அவனோடு சமாதானமாகு, அப்புறம் வந்து கொடு. இதுதான் அங்கே இருந்த விஷயம்.

 எந்தப் பக்கத்திலிருந்து டிக்கெட்டை உருவினேன் என்று அன்றைக்கு நான் பார்க்கவே இல்லை. அவன் எனக்காக வைத்துவிட்டுப் போன பக்கம். படிச்சுப் பாரு என்றானே, இதைத்தான் சொல்லியிருக்கிறான். அக்கா சொன்ன மாதிரி மத்தேயுவில் தொடங்கியிருந்தால் மூன்றாம் நாளே இங்கே வந்திருப்பேன். அவன் டிக்கெட் வைத்திருந்த இடத்தைத் திறந்திருந்தால் அந்த நிமிஷமே. நான் முறைப்படி முதல் பக்கத்திலிருந்து வந்தேன்.

அதிகாரம் பாதியில் இருந்தது. கற்கண்டு தட்டில் இருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாகப் பாராயணத்தின் நடுவில் எழுந்தேன். செருப்பை மாட்டும்போது அப்பா உள்ளறையிலிருந்து எங்கே என்று கேட்டார். "தம்பி வீட்டுக்கு" என்று கத்தினேன். பேப்பரை மடிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "மழை வரும், கொடை எடுத்துக்கிட்டுப் போ" என்றார்.

மாவு மில்லுக்குப் பக்கத்துப் படியில் ஏறினேன். கதவு திறந்திருந்தது. தம்பி லுங்கியோடு, இடுப்பில் ஒரு எட்டு ஒன்பது மாதக் குழந்தையோடு நின்றிருந்தான்.  குழந்தை என் குடையைப் பிடுங்கப் பார்த்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, யாரென்று தெரியாமலேயே, "உள்ள வாங்க" என்றாள். நான் உட்கார்ந்து, தயார் செய்து வைத்திருந்த எல்லா வார்த்தையையும் மறந்து, "அன்னிக்கு அப்பாகிட்ட சொன்னது தப்புடா" என்றேன். அவ்வளவுதான், வந்துவிட்டது. சொல்ல ஒன்றே முக்கால் வருஷம் தேவையே இல்லாத நாலு வார்த்தை.

அவன் தலையாட்டினான். அப்புறம் நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்குத்தான் சும்மா இருக்க வராதே. "கல்யாணத்துக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். அவன் குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான்.

"சொல்லத்தான்க்கா வந்தேன். பத்திரிகைய எடுத்துக்கிட்டு காலைல வேலைக்குப் போற வழியில வந்தேன். கதவு சாத்தியிருந்துச்சு. ஜன்னல்ல பாத்தேன். நீ முதுகு காட்டி உக்காந்து வாசிச்சிட்டிருந்தே. மொதல்ல அம்மா புஸ்தகம்னு நெனச்சேன். காது குடுத்துக் கேட்டா பைபிளு. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? நடுவுல கூப்பிடக் கூடாதுல்ல. நீ நிறுத்தட்டும்னு படியில உக்காந்துட்டேன்."

"எவ்வளவு நேரம்டா?" என்றேன்.

"நீ நிறுத்தவே இல்ல. அரை மணி நேரம் உக்காந்திருந்தேன். குழியில போட்டாங்க, வித்தாங்க, ஜெயில்ல வெச்சாங்க. வெளிய போனவன் அவன மறந்துட்டான்னு படிச்சே. அப்ப எனக்கு பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு. பத்திரிகைய வெச்சிட்டுப் போனா அப்பா கையில மாட்டும். சரி, படிக்க ஆரம்பிச்சிட்டா, டிக்கெட் வெச்ச எடத்துக்கு வந்தா அக்கா தானா வருவான்னு கெளம்பிட்டேன்."

நாத்தனார் முடிச்சை யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. அவன் மனைவியே, சபையில் யாரோ ஒரு அக்கா போட்டார்கள், கடைசி நிமிஷம் வரைக்கும் இவர் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார் என்று சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை. டீ கொடுத்துக்கொண்டே சொன்னாள்.

அன்றைக்கு நான் எங்கே நிறுத்தினேன் என்று தம்பிக்குச் சொல்ல வாய் வரவில்லை. சகோதரன் சகோதரனைக் கட்டிக்கொண்டு அழுகிற இடத்தில், நானும் சத்தம் போட்டு அழுதுகொண்டு, நல்ல இடம் என்று திருப்தியாக மூடினேன். அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் என் தம்பி என் முதுகுக்குப் பின்னால், எட்டடி தூரத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்து எழுந்து போயிருக்கிறான்.

அப்பா அடுத்த மாதம் பேரனைப் பார்க்க வந்தார், குடையோடு. அது அவருடைய கதை. நான் மதம் மாறவில்லை, பலர் கேட்டுவிட்டார்கள், அதனால் சொல்கிறேன். பைபிளை இன்னும் படிக்கிறேன். பாராயணமாக இல்லை, ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, கேள்வி எழுதி, புதன்கிழமை அந்தப் பாயில் உட்கார்ந்து எல்லோரையும் படுத்துகிறேன். எங்கே வேண்டுமானாலும் தொடங்குவேன், எங்கே வேண்டுமானாலும் மூடுவேன், யாரோ குழியில் கிடந்தாலும். இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் திருட்டு பயம் அதிகமாகிவிட்டது, கதவைத் தாழ்போட்டு வையுங்கள் என்று பக்கத்து வீட்டார் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். வாசிக்கிற நேரத்தில் மட்டும் நான் போடுவதில்லை. நாற்காலியைத் தெருவைப் பார்த்துத் திருப்பிப் போட்டு, கதவை முழுசாகத் திறந்து வைத்துவிட்டுத்தான் புத்தகத்தை எடுக்கிறேன்.